மடை திறக்கும் உரிமை யாருக்கு?

மேலூர் தாலுகாவிலே ஒரு குடியானவர் தம் தகப்பனார் விட்டுச் சென்ற நஞ்சை நிலத்திற்குப் பட்டா மாறுதல் செய்துகொள்ள விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்காலத்தில் அவர் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பார். ஊர்க் கணக்கு முழுவதும் அந்த வீட்டுப் பெட்டியிலே இருந்தது. அதில் ஒரு வரியை மாற்ற நினைப்பவன் கர்ணத்தை வசப்படுத்த வேண்டும்; அல்லது வீட்டிற்குள் புகுந்து பெட்டியை உடைக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் கெடுவது ஒரு கிராமத்தின் கணக்கே தவிர, பக்கத்துக் கிராமத்தின் கணக்கு அல்ல.

கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ம் ஆண்டில் ஒழிந்தன. பெட்டியும் ஒழிந்தது. இன்று நிலக் கணக்கு கம்ப்யூட்டரிலே இருக்கிறது. அந்தக் கம்ப்யூட்டர் மேலூரில் இல்லை. நிலக் கணக்கும், ரேஷன் கார்டும், பிறப்பு இறப்புப் பதிவும், ஆஸ்பத்திரிக் குறிப்பும் 'தரவு மையம்' என்று சொல்லப்படும் பெரிய யந்திரசாலைகளுக்குப் போய்விட்டன. சென்னைப் பெருங்குடியில் ராஜ்ய சர்க்காருக்கென்றே அத்தகைய மையம் ஒன்று இயங்கிவருகிறது.

நமது குடியானவருக்குத் தம் நிலத்தின் கணக்கைப் பார்க்க உரிமை உண்டு. மாற்ற உரிமை இல்லை. கீழ் உத்தியோகஸ்தர் விசாரித்துப் பரிந்துரைக்கலாம். முடிவு சொல்ல முடியாது. தாசில்தார் முடிவு சொல்லலாம். அதுவும் தம் தாலுகாவுக்குள் மட்டுமே. இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது, ஜனங்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் நான்காவது மனிதர் ஒருவர் இருக்கிறார். இந்தக் கணக்குகளையெல்லாம் சுமந்துகொண்டிருக்கும் யந்திரத்தைப் பராமரிக்கும் தொழில்நுட்ப ஊழியர் அவர். அவருக்கு என்னென்ன உரிமை? அதை அவருக்குக் கொடுத்தவர் யார்? எந்தத் தேதி வரை? இந்தக் கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கேட்டே தீரவேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நமது அபிப்பிராயம்.

ஒரு கண்மாய், பல மடைகள்

முதலில் விஷயத்தை விளக்கிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன்வரை ஒவ்வோர் இலாகாவும் தனக்கெனத் தனி யந்திரம் வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கிணறு வெட்டுவது போல என்று சொல்லலாம். அந்தக் கிணறுகளில் பெரும்பாலானவை நாள் முழுவதும் இறைக்கப்படாமலே கிடந்தன. யந்திரத்தின் சக்தியில் ஒரு சிறு பங்கே பயன்பட்டது. மின்சாரமும் குளிரூட்டும் செலவும் மட்டும் முழுமையாக ஆயின.

இதற்குப் பரிகாரமாக வந்ததே 'மெய்நிகர்' முறை. சக்திமிக்க பெரிய யந்திரம் ஒன்றை நிறுவி, 'ஹைப்பர்வைசர்' என்னும் மென்பொருளை அதன் மேல் ஏற்றிவிட்டால், அந்த ஒரே யந்திரம் பல யந்திரங்களைப் போல நடந்துகொள்ளும். ஒவ்வொன்றும் தனக்குத் தனி உடல் இருப்பதாகவே நினைத்து வேலை செய்யும். வருவாய் இலாகாவின் யந்திரமும் சுகாதார இலாகாவின் யந்திரமும் ஒரே இரும்புப் பெட்டிக்குள் குடியிருக்கும். ஒன்றின் கதவு மற்றொன்றுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பெட்டிகள் பல சேர்ந்தது மெய்நிகர் தரவு மையம். அத்தனைக்கும் மேலே ஒரு நிர்வாகப் பலகை இருக்கும். வீஎம்வேர் கம்பெனியின் முறையில் அதற்கு வீசென்டர் என்று பெயர். அந்தப் பலகையின் முன் உட்கார்ந்தவர் ஒரு யந்திரத்தை உண்டாக்கலாம், நிறுத்தலாம், படியெடுக்கலாம், அழிக்கலாம்.

மதுரைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமல்ல. தனிக் கிணறுகள் போய், ஒரு பெரிய கண்மாயும் அதற்குப் பல மடைகளும் வந்துவிட்டன. 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது முதல், பேரணையிலிருந்து மேலூர் வரையில் ஒரே நீரைப் பல்லாயிரம் குடும்பங்கள் பங்கிட்டு உண்பது எப்படி என்பதை நம்மவர்கள் அறிவார்கள். கண்மாய் பெரிதாக ஆக, மடை திறப்பவரின் பொறுப்பும் பெரிதாகிறது. தனிக் கிணற்றின் வாளியை ஒருவன் அறுத்தால் ஒரு தோட்டம் காயும். கண்மாயின் கரையை ஒருவன் வெட்டினால் ஆயக்கட்டு முழுவதும் பாழாகும். மெய்நிகர் முறையில் மிச்சமாகும் பணம் மெய். அதனால் கூடும் அபாயமும் மெய்.

நீர்க்கட்டி என்னும் உத்தியோகம்

நம் கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஓர் ஊழியர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், வாய்க்காலில் நீரை வயல் வயலாகத் திருப்புவதும் அவர் வேலை. அந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அவர் திறப்பது தம் இஷ்டப்படியல்ல. ஆயக்கட்டுதாரர்கள் கூடிச் செய்த முடிவின்படி. அவருக்கு உரியது தம் கண்மாயின் மடை. பக்கத்து ஊர்க் கண்மாயின் மடையில் அவர் கை வைப்பதில்லை. பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் நிலமில்லாதவரே நீர்க்கட்டியாக இருந்தார்; ஆகவே தம் வயலுக்கு அதிகம் பாய்ச்சிக்கொண்டார் என்ற பேச்சுக்கு இடமில்லை. அவர் பகலில், எல்லோரும் பார்க்க வேலை செய்தார். தண்ணீர் திறக்கும் உரிமை அவருக்கு உண்டு. விளைந்ததை அறுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

யார், எதைச் செய்யலாம், எந்த இடத்தில் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தப் பழைய ஏற்பாட்டில் விடை இருந்தது. இன்றைய யந்திரசாலையிலும் அனுமதி என்பது இந்த மூன்றும் சேர்ந்ததுதான். வீசென்டர் போன்ற பலகையில் முதலில் ஒரு நபரையோ ஒரு குழுவையோ குறிக்கிறார்கள். இரண்டாவதாக, அவருக்கு ஒரு 'பங்கு' தருகிறார்கள்; யந்திரத்தை நிறுத்துதல், தொடங்குதல், படியெடுத்தல், அழித்தல் முதலிய செயல்களில் எவையெவை அவருக்கு உண்டு என்ற பட்டியலே அந்தப் பங்கு. மூன்றாவதாக, எந்த இடத்தில் என்று குறிக்கிறார்கள். மையம், அதற்குள் அறைகள், அறைக்குள் யந்திரங்கள் என்று மரம்போல் அடுக்கு இருக்கிறது. மேல் அடுக்கில் கொடுத்த அனுமதி, தடுக்கப்படாவிட்டால், கீழே உள்ள எல்லாவற்றுக்கும் வழிந்து இறங்கும்.

தவறு நுழைவது பெரும்பாலும் இந்த மூன்றாவது இடத்தில்தான். ஒரு யந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவருக்கு அந்த ஒரு யந்திரத்தின் மேல் அனுமதி கொடுத்தால் போதும். ஆனால் அவசரத்தில், மரத்தின் உச்சியில் அதை எழுதிவிடுகிறார்கள். வேலை அப்போதைக்கு முடிந்துவிடுகிறது. ஒரு வயலுக்குத் தண்ணீர் கேட்டவரிடம் அணையின் திருகையே ஒப்படைத்ததை மறந்துவிடுகிறார்கள்.

சிறிய உரிமை, பெரிய உரிமை

இன்னொரு விஷயம் உண்டு. பெயரளவில் சிறியதாகத் தோன்றும் சில உரிமைகள் உண்மையில் மிகப் பெரியவை. படியெடுக்கும் உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் உரிமை ஆபத்தானது என்று எவரும் அறிவர். படியெடுப்பதால் என்ன நஷ்டம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மெய்நிகர் யந்திரம் என்பது சில கோப்புகளின் தொகுதியே. அதைப் படியெடுத்தவர் யந்திரம் முழுவதையும், அதிலுள்ள கணக்குகள், கடவுச்சொற்களின் பதிவுகள் உட்பட, பெயர்த்து எடுத்துக்கொண்டவராகிறார். பிறகு தம் அறையில் சாவகாசமாக உட்கார்ந்து அதைத் திறந்து பார்க்கலாம். தாலுகாக் கச்சேரியின் வாசலில் பூட்டு பத்திரமாகத் தொங்குகிறது, காவற்காரரும் நிற்கிறார், ஆனால் அதே கச்சேரி இன்னொன்று வேறொருவர் வீட்டுக் கொல்லையில் எழுந்துவிட்டது. அசலில் ஓர் எழுத்தும் மாறாதபடியால் எவருக்கும் சந்தேகமும் வராது.

ஆகவேதான் இத்துறை வல்லவர்கள் உரிமைகளைப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். யந்திரத்தின் உள்ளடக்கத்தைச் சங்கேதமாக்கி, அதைத் திறக்கும் அதிகாரம் மட்டும் இல்லாத நிர்வாகி என்று ஒரு தனிப் பங்கையே வீஎம்வேர் முறையில் வைத்திருக்கிறார்கள். அந்த நிர்வாகி யந்திரங்களை ஓட்டலாம், நிறுத்தலாம், இடம் மாற்றலாம். உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நீர் பாய்ச்சலாம், அறுவடை செய்யலாகாது என்ற பழைய நீதிதான் இது.

இரண்டு அழிவுகள்

இவையெல்லாம் வெறும் அச்சம் என்று சொல்வோர்க்கு நடந்த இரண்டு சம்பவங்களை எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். இரண்டும் நீதிமன்றத்தில் நிரூபணமானவை.

ஷியோனோகி என்பது ஜப்பானிய மருந்துக் கம்பெனி. அதன் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்த தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் 2010-ல் விலகினார். 2011 பிப்ரவரி மாதத்தில் ஒருநாள் அவர் ஓர் உணவுச்சாலையில் உட்கார்ந்து, அங்கு கிடைத்த இணையத் தொடர்பின் மூலம் பழைய கம்பெனியின் வலைக்குள் நுழைந்தார். சில வாரங்களுக்கு முன்பே மெய்நிகர் மையத்தை நிர்வகிக்கும் மென்பொருளை ரகசியமாக அங்கே பதித்து வைத்திருந்தார். 15 பெரிய யந்திரங்களின் உள்ளடக்கத்தை ஒவ்வொன்றாக அழித்தார். அவற்றில் குடியிருந்தவை 88 சர்வர்களுக்குச் சமம். கம்பெனியின் கடிதப் போக்குவரத்தும், சரக்கு அனுப்புவதும், பணம் கொடுப்பதும் பல நாட்கள் நின்றன. நஷ்டம் 8 லட்சம் டாலர் என்று கணக்கிடப்பட்டது. அவருக்கு 41 மாதச் சிறை விதிக்கப்பட்டது. தனித்தனி யந்திரங்களாக இருந்திருந்தால் 88 அறைகளின் பூட்டை உடைத்திருக்க வேண்டும். மேலே ஒரு பலகை கிடைத்தபடியால் ஒரு மேஜையும் நாற்காலியும் போதுமாயின.

மற்றது சிங்கப்பூரில் நடந்தது. என்.சி.எஸ். என்னும் ஸ்தாபனத்தில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த ஒருவர் 2022 நவம்பரில் நீக்கப்பட்டார். 2023 ஜனவரி முதல் மார்ச் வரை அவர் பலமுறை அந்த ஸ்தாபனத்தின் யந்திரங்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தார். சில தடவை இந்தியாவிலிருந்தே போனார். நிர்வாகியின் கடவுச்சொல் மாற்றப்படவில்லை. மார்ச் 18, 19 தேதிகளில் தாம் எழுதி வைத்திருந்த ஒரு சிறு நிரலை ஓட்டி 180 மெய்நிகர் சர்வர்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்துவிட்டார். நஷ்டம் சுமார் 9 லட்சத்து 18 ஆயிரம் சிங்கப்பூர் டாலர். 2024 ஜூனில் அவருக்கு 2 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்த யந்திரங்கள் புதிய மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பதற்கானவை; ஜனங்களின் அந்தரங்க விவரம் எதுவும் அவற்றில் இல்லை. இருந்திருந்தால் நஷ்டத்தை டாலரில் கணக்கிட்டிருக்க முடியாது.

இரண்டு சம்பவங்களிலும் குற்றவாளி குற்றவாளியே; அவருக்காக நாம் வாதாட வரவில்லை. ஆனால் இரண்டிலும் கதவை உடைத்து எவரும் உள்ளே போகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வேலை போயிற்று, சாவி போகவில்லை. வேலை முடிந்த அன்றே சாவியை வாங்கி வைத்திருந்தால் இரண்டு அழிவும் நேர்ந்திரா. இரண்டு மனிதர்களும் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள்.

நம் தேசத்தில் கண்ட பாடம்

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்பாரும் உண்டு. டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் 2022 நவம்பர் 23-ம் தேதி நேர்ந்ததை நினைவூட்டுகிறோம். அயலார் வலைக்குள் புகுந்து ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் விவரங்களைச் சங்கேதமாக்கிப் பூட்டிவிட்டார்கள். தேசத்தின் தலையாய வைத்தியசாலை நாட்கணக்கில் காகிதத்தையும் பேனாவையும் கொண்டு நோயாளிகளைக் கவனிக்க நேர்ந்தது. வலை சரியானபடி பகுதி பகுதியாகப் பிரிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று சர்க்கார் பார்லிமெண்டில் தெரிவித்தது. தொடப்படாமல் தனியே இருந்த ஒரு நகல் யந்திரத்திலிருந்து ஆஸ்பத்திரிக் கணக்குகளை மீட்க முடிந்தது என்பது ஒன்றே ஆறுதல்.

இதற்கு எதிர்மறையான உதாரணம் நம் தெற்கிலேயே இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் ஒரு கம்ப்யூட்டரில் நச்சு நிரல் புகுந்த செய்தி 2019-ல் வெளியாயிற்று. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30-ம் தேதி, அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் உலையை இயக்கும் உள் வலை அதனின்றும் துண்டிக்கப்பட்டிருந்தபடியால் அங்கே தீங்கு செல்லவில்லை என்று கழகம் அறிவித்தது. புகுந்தவன் ஓர் அறையோடு நிற்பதும், வீடு முழுவதும் நடமாடுவதும் அவனுடைய திறமையை மட்டும் பொறுத்ததல்ல. நாம் எழுப்பிய சுவரையும் பொறுத்தது. மெய்நிகர் மையத்தில் அந்தச் சுவர் செங்கல்லால் ஆனதல்ல. யாருக்கு எங்கே அனுமதி என்று எழுதி வைத்திருக்கும் பட்டியலே அங்கே சுவர்.

பதவிக்கா, வேலைக்கா?

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டில் சாவி என்பது கௌரவத்தின் அடையாளமாக ஆகிவிட்டது. மேல் உத்தியோகஸ்தர் என்றால் எல்லா அறைக்கும் அவரிடம் சாவி இருக்கவேண்டும் என்று நினைக்கிறோம். யந்திரத்தைத் தொட்டே அறியாத தலைமை அதிகாரியின் பெயரில் உச்ச அனுமதி கொடுத்து வைக்கிறார்கள். அவர் அதை உபயோகிப்பதில்லை. உதவியாளரிடம் கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறார். உதவியாளர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைக்கிறார். அந்த அறைக்கு வந்து போகிறவர் எல்லோரும் அன்றுமுதல் தலைமை அதிகாரிகளே!

உள்ளே போகும் உரிமையைப் பற்றிய பெரிய கேள்வி ஒன்றை மதுரை முன்பே தீர்த்து வைத்திருக்கிறது. 1939 ஜூலை 8-ம் தேதி ஸ்ரீ வைத்தியநாதய்யர், மேலூர்த் தும்பைப்பட்டியில் பிறந்த ஸ்ரீ கக்கன் முதலியோருடன் மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் பிரவேசித்தார். பிறப்பைக் காரணமாகக் காட்டி வாசலை மூடும் அநீதி அன்று இந்நகரில் தகர்ந்தது. அப்படிப்பட்ட மதுரையிலிருந்துகொண்டு பூட்டையும் சாவியையும் பற்றி நாம் வற்புறுத்துவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். நன்றாகப் பொருந்தும். அன்று ஸ்தாபிக்கப்பட்ட தத்துவம், ஒருவருடைய அந்தஸ்து வாசலைத் திறக்கவும் கூடாது, மூடவும் கூடாது என்பதே. ஆலயத்துள் சென்று தரிசிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆலயத்தின் நகைப் பெட்டியைத் திறப்பது அதற்கென நியமிக்கப்பட்டவரின் கடமை மட்டுமே. தம் நிலத்தின் கணக்கைப் பார்க்கும் உரிமை குடியானவருக்குப் பிறவியிலேயே உண்டு, அது உரிமை. அந்தக் கணக்கைத் தாங்கும் யந்திரத்தைத் தொடும் அனுமதி எவருக்கும் பிறவியிலும் இல்லை, பதவியிலும் இல்லை, வேலையில்தான் உண்டு. வேலை எவ்வளவோ அவ்வளவு. வேலை உள்ள வரையில். அந்த வேலைக்கு வேண்டிய இடத்தில் மட்டும்.

ஆட்சேபங்களுக்கு விடை

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் சொல்லப்படுகின்றன. நள்ளிரவில் யந்திரம் நின்றுவிட்டால் அனுமதி வாங்கவா ஓடுவது என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்விதான். ஜில்லா கஜானாவில் இரட்டைப் பூட்டு உண்டு. இருவர் கூடினால்தான் பெட்டகம் திறக்கும். அதனால் கஜானாவின் வேலை நின்றுவிடவில்லை. அதுபோலவே, அவசரத்திற்கென உச்ச அனுமதியுள்ள ஒரு பெயரைத் தனியே முத்திரையிட்டு வைக்கலாம். அதைத் திறந்தவர் யார், எப்போது, எதற்காக என்பது உடனே பதிவாகி மறுநாள் காலையில் கேட்கப்பட வேண்டும். கேட்கப்படும் என்று தெரிந்தால், அவசரங்கள் தாமே குறைந்துவிடும்.

ஊழியர்களை நம்பாமல் எப்படி வேலை வாங்குவது என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை தலைகீழாக இருக்கிறது. ஐந்து பேர் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ஒருநாள் ஒரு கோப்பு அழிந்துவிடுகிறது. யந்திரத்தின் பதிவேடு ஒரு பெயரைத்தான் காட்டும். விசாரணை யார் தலையில் விடியும்? மேலாளர் தலையில் விடியாது. மாதச் சம்பளம் போதாமல் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை பார்க்கும் வாடிப்பட்டியோ உசிலம்பட்டியோ சேர்ந்த இளைஞரின் தலையில்தான் விடியும். தம் கை சுத்தம் என்று நிரூபிக்க அவரிடம் எந்தச் சாட்சியும் இராது. தனிப் பெயரும் அளவான அனுமதியும் யோக்கியமான ஊழியருக்குக் கவசம்.

பட்டியல் எழுதிப் பராமரிக்க ஆள் ஏது, நேரம் ஏது என்பது மூன்றாவது. ஆளுக்கு ஆள் அனுமதி எழுதினால் கஷ்டந்தான். அதனால்தான் குழுவுக்கு அனுமதி எழுதச் சொல்கிறார்கள். நகல் எடுப்போர் குழு, கண்காணிப்போர் குழு, வருவாய் இலாகா யந்திரங்களைப் பராமரிப்போர் குழு என்று வகுத்துவிட்டால், புதிதாக வந்தவரை ஒரு குழுவில் சேர்ப்பதும், போனவரை நீக்குவதும் ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஒருவர் இரண்டு மூன்று குழுக்களில் இருந்தால் அனுமதிகள் கூடிக்கொண்டே போகும் என்பதை மறக்கலாகாது. இலாகா மாறிய ஊழியரைப் பழைய குழுவிலிருந்து நீக்காமலே புதிய குழுவில் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பத்து வருஷம் வேலை பார்த்தவரிடம் பத்து வருஷத்துச் சாவிகளும் சேர்ந்துவிடுகின்றன.

செய்ய வேண்டியவை

சட்டம் இவ்விஷயத்தில் தூங்கவில்லை. மத்திய சர்க்காரின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ம் தேதி பிறப்பித்த உத்தரவின்படி, யந்திரங்களின் பதிவேடுகளை 180 நாட்கள் காப்பாற்ற வேண்டும். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்புச் செய்யாத ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. ஆனால் சட்டம் மடையைக் காக்காது. மடையில் நிற்கும் மனிதர்தான் காக்க வேண்டும்.

நமது யோசனைகள் சிலவே. ஊழியர் விலகும் நாளன்றே, அவர் அடையாளச் சீட்டை ஒப்படைக்கும் அதே மேஜையில், அவருடைய அனுமதிகளும் ரத்தாக வேண்டும்; அவர் அறிந்திருந்த பொதுக் கடவுச்சொற்கள் மாற வேண்டும். ஒப்பந்த ஊழியருக்குக் கொடுக்கும் அனுமதியில் முடியும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அனுமதிப் பட்டியலை உரத்துப் படித்து, ஒவ்வொரு பெயருக்கும் இது ஏன் என்று கேட்க வேண்டும். விடை இல்லாத பெயரை நீக்க வேண்டும். நிர்வாகப் பலகைக்குக் கடவுச்சொல் ஒன்றே போதாது. இரண்டாவது அத்தாட்சியும் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், நகல்களின் சாவியும் அசலின் சாவியும் ஒரே கையில் இருத்தலாகாது. கோட் ஸ்பேசஸ் என்னும் கம்பெனி 2014 ஜூனில் இதை அறிந்தது. ஆனால் காலம் கடந்து அறிந்தது. பணம் கேட்டு மிரட்டிய ஒருவன் அதன் நிர்வாகப் பலகைக்குள் புகுந்திருந்தான். கடவுச்சொல்லை மாற்றக் கம்பெனியார் முயன்றதும், அசலையும் நகலையும் பெரும்பாலும் அழித்துவிட்டான். பன்னிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கம்பெனி கடையை மூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய மையங்கள் பலவற்றின் அடியில் இருப்பது வீஎம்வேர் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருள். அந்தக் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் என்னும் மற்றோர் அமெரிக்கக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கி என்றும் வைத்துக்கொள்ளும் உரிமம் இனி இல்லை, சந்தா கட்ட வேண்டும் என்று அறிவித்தது. விலை ஏறிவிட்டது என்று பல தேசங்களிலிருந்து முறையீடு எழுந்தது. நம் கண்மாய்க்கு யாரோ அயலூரார் தீர்வை விதிப்பது போன்றதே இது. யாவரும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் இடமுள்ள கே.வி.எம். என்னும் முறை 2007 முதல் லினக்ஸின் ஓர் அங்கமாகவே இருந்துவருகிறது. அதில் நம் இளைஞர்களைப் பழக்குவது சர்க்காருக்கும் கல்லூரிகளுக்கும் கடமை. எனினும், சுதேசி மென்பொருளில் எழுதிய தவறான அனுமதி விதேசி மென்பொருளில் எழுதியதைவிட நல்லதாகிவிடாது. ஒழுங்கு நம்முடையதாக இருக்க வேண்டும். அதை எந்தக் கம்பெனியும் விற்காது.

இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் எழுந்துள்ளன. மதுரைப் பிள்ளைகள் அங்கும், சென்னையிலும், சிங்கப்பூரிலும், அதற்கு அப்பாலும் நிர்வாகப் பலகைகளின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லுவது ஒன்று: உங்களுக்கு வேண்டியதற்கு மேல் அனுமதி கொடுக்கப்பட்டால் அதைப் பெருமையாக நினைக்காதீர்கள்; எனக்கு இது வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வேலையை விட்டு வரும்போது, என் சாவியை வாங்கிக்கொண்டீர்களா என்று நீங்களே கேளுங்கள்.

மேலூர்க் குடியானவருக்கு ஹைப்பர்வைசர் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. நாற்று நடும் நாளில் மடை அடைபடாது, இரவோடு இரவாக எவனும் கரையை வெட்டமாட்டான் என்ற நம்பிக்கையில் அவர் உறங்குகிறார். தம் பட்டாவைப் பற்றியும் அதே நம்பிக்கையோடு அவர் உறங்க முடிய வேண்டும். அந்த உறக்கத்திற்குப் பொறுப்பாளிகள் யார் யார் என்று பெயரும் தேதியும் போட்டு எழுதி வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்பது ஜனங்களின் கடமை.